இரத்தோட்டையின் மலைப்படிகளும் பெயர் பெறாத கைவினையும்

மாத்தளையிலிருந்து வடகிழக்காக ஏறும் வீதி இரத்தோட்டைக் கடைத்தெருவைக் கடந்து, வளைந்து வளைந்து ரிவர்ஸ்டன் கணவாயை எட்டி, மறுபக்கம் இலுக்கும்புறைக்கு இறங்கி லக்கலைப் பக்கம் போகிறது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நக்கிள்ஸ் என்றும் தும்பறை மலை என்றும் சொல்லப்படும் தொடரின் மிக உயர்ந்த சிகரம் 1,900 மீற்றரைத் தாண்டுகிறது. இந்த ஏற்றத்துக்குள் எத்தனை விதமான மண்! அடியில் வயல். வயலை ஒட்டிப் பலாவும் பாக்கும் கித்துளும் நிற்க, அவற்றின் மேல் மிளகுக்கொடி ஏறிய வீட்டுத்தோட்டம். அதற்கு மேல் கொக்கோவும் இறப்பரும், அதற்கும் மேல் தேயிலை, தேயிலை முடியும் இடத்தில் காட்டு நிழலில் ஏலம். கணவாயைத் தாண்டியதும் மழை குறைந்து, பிட்டவலைப் புல்வெளியும் வறண்ட சரிவுகளுமாக நிலம் மாறிவிடுகிறது. மலைநாட்டின் பொருளாதார வரலாற்றைக் கோப்பி வந்தது, கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது என்று மூன்று வாக்கியங்களில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. நுவரெலியாவுக்கும் டிக்கோயாவுக்கும் அது ஓரளவு பொருந்தும். இரத்தோட்டைக்குப் பொருந்தாது. இங்கே எந்த ஒரு பயிரும் ஊரின் அடையாளமாக நிலைக்கவில்லை. நிலைத்தவை உயரத்துக்கு உயரம் மாறும் பல பயிர்களைக் கையாளத் தெரிந்த கைகள்தாம். அந்தக் கைகளில் சிலவற்றைக் கைவினைஞரின் கைகள் என்று எழுதி வைத்தார்கள். பலவற்றைக் கூலியாட்களின் கைகள் என்று எண்ணி மட்டும் வைத்தார்கள். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு தேர்ச்சியில் இருக்கவில்லை, நிலத்தில் இருந்தது என்பதே நான் இங்கே நிறுவ முயலும் கருத்து.

மலையை இப்படிப் படிப்படியாகப் பார்க்கும் பார்வைக்குத் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகள் நல்ல துணை. மானிடவியலாளர் ஜோன் முர்ரா 1972இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், அங்குள்ள பழைய சமூகங்கள் ஒரே உயரத்தில் முடங்கிக் கிடக்கவில்லை என்று காட்டினார். திதிகாகா ஏரிக்கரையில் ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்தில் வாழ்ந்த லுபாக்கா மக்கள் அங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டு, லாமா மந்தை வளர்த்தார்கள். அதே சமூகத்தின் குடும்பங்கள் சில, பல நாள் நடைத் தொலைவில், தாழ்ந்த வெப்பப் பள்ளத்தாக்குகளில் குடியிருந்து சோளமும் கொக்கா இலையும் விளைவித்தன. கீழே இறங்கிப்போன குடும்பம் மேலே தனக்கிருந்த உரிமையை இழந்துவிடவில்லை. கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகள் போல மலைச்சரிவில் சிதறிக் கிடந்த நிலங்கள் ஒரே சமூகத்தின் சொத்தாக இருந்தன. கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்து, பகல் வெயிலில் மிதித்து உலர்த்திச் ‘சுன்யோ’ ஆக்கும் தேர்ச்சியும், கீழே சோளத்தைப் பக்குவப்படுத்தும் தேர்ச்சியும் ஒரே வீட்டின் அறிவாகச் சேர்ந்திருந்தன. இரத்தோட்டையிலும் மலை படிகளாகத்தான் இருக்கிறது. ஆனால் படிகள் எல்லாவற்றிலும் கால் வைத்த மக்களுக்கு எந்தப் படியும் சொந்தமாகவில்லை. ஆண்டீஸுக்கும் இந்த ஊருக்கும் உள்ள இந்த வேறுபாட்டில்தான் இரத்தோட்டையின் வரலாறே அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கண்டி இராச்சியக் காலத்துக் கிராமம் மூன்று கால்களில் நின்றது: வயல், வீட்டுத்தோட்டம், சேனை. வயல் சோறு தந்தது. சேனை குரக்கனும் எள்ளும் தந்தது. கைக்குக் காசு தந்தது வீட்டுத்தோட்டம்: பாக்கு, மிளகு, கித்துள் கருப்பட்டி. தோட்டப் பயிர் என்றதும் வெள்ளைத் துரைகளின் கண்டுபிடிப்பு என்று எண்ணும் நமக்கு, கோப்பியே வீட்டுத்தோட்டத்தில் இருந்து வந்தது என்பது வியப்பாக இருக்கலாம். கண்டிச் சிங்கள மக்கள் கோப்பிப் பூவை விகாரைக்கு எடுத்துச் சென்றார்கள், இலையைக் கறிக்குச் சேர்த்தார்கள். ஆங்கிலேயர் பெருந்தோட்டங்களைத் திறந்த பிறகும் சுங்கக் கணக்குகள் தோட்டக் கோப்பி, நாட்டுக் கோப்பி என்று இரண்டு தலைப்புகளில்தான் ஏற்றுமதியைப் பதிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நாட்டுக் கோப்பியின் பங்கு கணிசமானது. ஒரே ஒரு பயிரை மலை முழுவதும் நட்டால்தான் உலகச் சந்தைக்குப் போக முடியும் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சுங்கக் கணக்கே மறுப்பு. பலாவுக்கும் பாக்குக்கும் இடையில் நின்ற பத்துச் செடியின் காயும் அதே கப்பலில்தான் ஏறியது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்த மூன்று கால்களில் ஒன்றை ஒடித்தது. தொடர்ந்து பயிரிடாத நிலத்துக்கு உறுதி காட்ட முடியாவிட்டால் அது முடிக்குரியது என்றது சட்டம். பல ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வெட்டிச் சுடும் சேனைக்கு எந்தக் கிராமத்தான் உறுதி காட்டுவான்? ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு மலைகள் விற்கப்பட்டன. வாங்கியவர்களில் ஆளுநர்களும் நீதிபதிகளும் படை அதிகாரிகளும் இருந்தார்கள். 1848இல் கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும் மாத்தளையில் கிளர்ந்தெழுந்ததற்கு உடனடிக் காரணம் டொரிங்டன் பிரபுவின் புதிய வரிகள் என்றாலும், நிலம் கைவிட்டுப் போன மனக்கசப்பு அதற்கு அடியில் கிடந்தது. ‘மாத்தளை கிழக்கு’ என்று துரைமார் பெயரிட்ட தோட்டப் பகுதி இப்படித்தான் திறந்தது. அங்கே வேலை செய்ய வந்தவர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளின் உழவர் குடிகள். படகில் மன்னார்க் கரையில் இறங்கி, காடும் குளக்கரையுமாக நீண்ட வடபாதையில் தம்புள்ளை வழியாக நடந்தவர்களுக்கு மாத்தளைதான் மலைநாட்டின் முதல் வாசல். வழியில் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்களின் கணக்கு ஒழுங்காக எழுதப்படவே இல்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வருவது, அந்த வாசலைக் கடந்து பிழைத்தவர்களின் நன்றிக்கடன் என்றே எனக்குப் படுகிறது.

1870ஆம் ஆண்டளவில் இலங்கை ஏறத்தாழ 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதி செய்தது. அதற்கு முந்திய ஆண்டே, 1869இல், கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூளாக ஒரு பூஞ்சணம் தென்பட்டிருந்தது. 1880இல் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் இரண்டு ஆண்டுகள் இந்த நோயை ஆராய்ந்தார். பூஞ்சண வித்து காற்றில் பரவுகிறது. மைல்கணக்கில் இடைவெளியின்றி ஒரே செடியை நட்டதனால் அதற்குத் தடையே இல்லாமல் போயிற்று என்பது அவர் ஆய்வின் சாரம். தனிப்பயிரின் தீர்ப்பு தனிப்பயிர்க்காரர்களின் காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. அடுத்து வந்தது சிங்கோனா. ஆண்டீஸ் மலைக் காடுகளிலிருந்து கடல் கடந்து 1861இல் ஹக்கலைத் தோட்டத்துக்கு வந்த மரம் அது. காய்ச்சலுக்கு மருந்தான குயினைன் அதன் பட்டையில் இருக்கிறது. மரத்தைச் சாகவிடாமல் பட்டையை மட்டும் சீவி எடுத்து, மறுபடி வளரவிடும் நுட்பம் அதற்குத் தேவைப்பட்டது. 1886இல் இலங்கை ஏறத்தாழ 1.5 கோடி இறாத்தல் பட்டையை அனுப்பியது. சந்தை நிரம்பி விலை சரிந்தது, சில ஆண்டுகளில் அந்தப் பயிரும் முடிந்தது. தேயிலையை இதற்குள் பலரும் பற்றிக்கொண்டார்கள். ஆனால் மாத்தளைத் துரைமார் தேயிலையோடு நிற்கவில்லை. தாழ்ந்த சரிவில் கொக்கோ, பிறகு இறப்பர், மேட்டில் தேயிலை, காட்டின் நிழலில் ஏலம் என்று நட்டார்கள். அக்காலத்து பெர்குசன் விவரக்கொத்தில் தோட்டம் தோட்டமாக, எந்தப் பயிர் எத்தனை ஏக்கர், உரிமையாளர் யார், துரை யார் என்று வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். மாத்தளைப் பக்கங்களைப் புரட்டுகிறவருக்கு ஒரே தோட்டத்துக்கு நேரே பல பயிர்களின் பெயர்கள் அடுத்தடுத்து வருவது கண்ணில் படும். இரண்டு வீழ்ச்சிகளைச் சந்தித்த பிறகு பெருந்தோட்டமே கிராமத்து வீட்டுத்தோட்டத்தின் புத்திக்குத் திரும்பியது என்று இதை வாசிக்கலாம்.

அந்த விவரக்கொத்தில் இல்லாத ஒன்று, இத்தனை பயிரையும் தொட்ட கை. கொக்கோவை எடுத்துக்கொள்வோம். கொக்கோக் காய் கிளை நுனியில் தொங்குவதில்லை; தண்டிலேயே, பூ முடிச்சிலிருந்து காய்க்கிறது. அதே முடிச்சில்தான் அடுத்த ஆண்டும் பூக்கும். காயைத் திருகிப் பிடுங்கினால் முடிச்சு கிழிந்து அந்த இடம் மலடாகிவிடும். ஆகவே காம்பை மட்டும் ஒரே வெட்டில் அறுக்க வேண்டும், உயரத்தில் உள்ளதைக் கழிக்கத்தியால் அண்ணாந்து அறுக்க வேண்டும். உடைத்தெடுத்த விதையைக் குவித்து மூடிப் புளிக்கவைக்கும் நாட்களில் சூட்டைக் கையால் உணர்ந்து புரட்டிவிட வேண்டும். இலங்கைக் கொக்கோவைப் புளித்தபின் கழுவி உலர்த்துவார்கள். அந்தத் தெளிவான நிறத்துக்காக அதற்கு வெளிநாட்டில் தனி மதிப்பு இருந்தது. ஏலம் இதைவிடவும் கடினம். காய்கள் தரையோடு படரும் பூங்கொத்தில் ஒன்றுபோல முற்றுவதில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை அதே தூருக்குக் குனிந்து, முற்றியதை மட்டும், பழுப்பதற்குச் சற்று முன் பறிக்க வேண்டும். பிஞ்சைப் பறித்தால் சுருங்கும், பழத்தை விட்டால் வெடிக்கும். காய்ச்சும் அறையில் சூடு மிதமாக இருந்தால்தான் பச்சை நிறம் நிற்கும். ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ ஏலமாகும். ஒரு இரவு நெருப்பு கூடிவிட்டால் பல நாள் உழைப்பின் விலை பாதியாகும். இறப்பரில் பால் வெட்டும் கத்தி, மரத்தின் உயிர்ப்படலத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீற்றர் அளவு பட்டையை விட்டு ஓட வேண்டும். அதுவும் விடியலுக்கு முந்திய அரையிருளில். கராம்பு மொட்டு சிவக்கத் தொடங்கி, விரியாமல் இருக்கும் ஓரிரு நாளில் பறிபட வேண்டும். இத்தனையும் ஒரு மனிதரின் வாழ்நாளில், சில வேளை ஒரே ஆண்டின் வெவ்வேறு மாதங்களில், செய்யப்பட்ட வேலைகள். இவற்றைச் செய்தவர்களை நாம் இன்றும் ‘தேயிலைத் தொழிலாளர்’ என்ற ஒற்றைச் சொல்லால்தான் அழைக்கிறோம்.

இதே மாத்தளை மாவட்டத்தில் கைவினை என்று உலகம் ஒத்துக்கொண்ட ஒன்று ஹபுவிட கிராமத்து அரக்கு வேலை. அரக்கை இளஞ்சூட்டில் நூலாக இழுத்து, பெருவிரல் நகத்தால் அழுத்தியும் வெட்டியும் மரப்பிடியிலும் தடியிலும் கொடி, பூ, வரிக்கோலம் இடுவார்கள். நகத்தால் செய்வதாலேயே அதற்கு நகவேலை என்று பொருள்படும் சிங்களப் பெயர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட ‘இடைக்காலச் சிங்களக் கலை’ நூலில் அதைப் பதிந்தார். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் தந்தைவழி வேர்கொண்ட ஒருவர், கண்டிச் சிங்களக் கைவினைகளின் முதல் பெரும் ஆவணத்தை எழுதியது நமக்குப் பெருமை. ஆனால் அவர் கிராமம் கிராமமாகப் போன அதே ஆண்டுகளில், சில மைல் தொலைவில், கொக்கோப் புளிப்பின் சூட்டைக் கையால் அளந்த தமிழ்ப் பெண்களின் அறிவை எழுத எவரும் போகவில்லை. குமாரசுவாமியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் தேடியது பழைய இராச்சியத்தின் எச்சத்தை. அந்த எச்சம் எதனால் நிலைத்தது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. கண்டி அரசில் கைவினைக் குடும்பத்துக்கு ஊழிய நிலம் இருந்தது. அரசனுக்கோ விகாரைக்கோ வேலை செய்து கொடுப்பதற்குப் பதில் வயல் அனுபவித்தார்கள். வயல் மகனுக்குப் போனது, வயலோடு தொழிலும் போனது, தொழிலோடு பெயரும் போனது. மலையேறி வந்த தமிழருக்கு அப்படி ஒரு துண்டு நிலமும் இல்லை. அவர்கள் கையில் இருந்த துண்டு வேறு: ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனைச் சொல்லி, அதைத் தீர்த்தால் இவரை விடுவிக்கலாம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த காகிதம். 1921இல்தான் அந்தத் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

கடனுக்கும், பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கும் கட்டுப்பட்டுச் செய்த வேலையைக் கைவினை மரபு என்று சொல்வது, அடிமைத்தனத்துக்குப் பூச்சூட்டுவது ஆகாதா என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கண்டிக் கைவினைஞரும் சுதந்திரச் சந்தையில் வேலை செய்தவர்கள் அல்லர். சாதியும் இராசகாரியமும் அவர்களைக் கட்டியிருந்தன. 1830களில் இராசகாரியம் ஒழிக்கப்படும் வரை ஊழியம் மறுக்க அவர்களுக்கு உரிமை இல்லை. அதனால் ஹபுவிட நகவேலையைக் கைவினை அல்ல என்று எவரும் சொல்வதில்லை. கட்டாயம் வேலையின் நேர்த்தியை இல்லாமல் செய்துவிடாது. நேர்த்தியின் பயனைத்தான் இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இன்னொரு எதிர்வாதம் வேறு பக்கத்திலிருந்து வரும். இந்தத் தொழிலாளர் பருவப் பறவைகள், அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பியவர்கள், அவர்களிடம் மண்ணோடு ஒட்டிய மரபு எப்படி வரும் என்று. கோப்பிக் காலத்துக்கு இது பெரிதும் உண்மை. தமிழ்நாட்டில் நடவு, இங்கே பறிப்பு என்று இரு கரைக்கும் நடந்தவர்கள் அநேகர். ஆனால் தேயிலைக்கும் ஏலத்துக்கும் இறப்பருக்கும் ஆண்டு முழுவதும் ஆள் தேவை. பெண்களும் பிள்ளைகளும் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதி முடிவதற்குள் கம்மடுவையிலும் ஒபல்கலையிலும் பிறந்து, அங்கேயே பேரப்பிள்ளை கண்டவர்கள் இருந்தார்கள். பருவப் பறவை என்ற பெயரை அவர்கள் மேல் நிலைக்கவைத்தது வாழ்க்கை அல்ல, சட்டம்.

அந்தச் சட்டங்களின் வரிசை நமக்குத் தெரிந்ததே. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. ஆனால் இரத்தோட்டையின் பொருளாதாரத்தில் இவை என்ன செய்தன என்பது குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களில் பெருந்தோட்டங்கள் அரசு வசமாயின. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அந்த நிலத்தின் ஒரு பகுதி துண்டாடப்பட்டு நிலமற்ற கிராமத்தவருக்குப் போனது. 1840இல் சேனையை இழந்த கிராமத்துக்கு அது தாமதமாகக் கிடைத்த நீதி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வாக்குரிமையும் குடியுரிமையும் இல்லாதவருக்கு அந்தப் பங்கீட்டில் இடம் இருக்கவில்லை. அந்தப் பயிர்களை நன்கு அறிந்தவர்களே அவை பங்கிடப்பட்டபோது வெளியே நின்றார்கள். 1970களின் பஞ்சமும் 1977இன் வன்முறையும் பல குடும்பங்களை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. 1983 ஜூலையில் மாத்தளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. மிளகும் கராம்பும் ஏலமும் வாங்கி விற்ற கடைகளும் அவற்றில் அடக்கம். தேர்ச்சி வடக்கே போயிற்று. அங்கே அந்தப் பயிர்கள் இல்லை.

ஏலத்தின் முடிவு தனிக்கதை. கோப்பிக்காகக் காடு அழிந்த வேகத்தைக் கண்டு, 5,000 அடிக்கு மேல் காடு வெட்டக்கூடாது என்ற விதி 1873இலேயே வந்திருந்தது. ஏலம் மரத்தை வெட்டாமல் நிழலில் வளர்வதால், காட்டுக்குத் தீங்கில்லாத பயிர் என்று நீண்ட காலம் கருதப்பட்டது. ஆனால் அடிச்செடியை முழுவதும் வெட்டித்தான் ஏலம் நட வேண்டும். நிழலைக் குறைக்க மேல்மரங்களையும் கழிக்க வேண்டும். காய்ச்சும் அறைக்கு விறகு அதே காட்டிலிருந்துதான் வர வேண்டும். மரம் நின்றது, மரத்தின் வாரிசு முளைக்கவில்லை. 2000இல் நக்கிள்ஸ் பாதுகாப்பு வனமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தக் காடு பாதுகாக்கப்பட வேண்டியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஏலத்தை நம்பியிருந்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஏல மலைகளுக்குக் கூலிக்கு ஏறியவர்களில் தோட்டத் தமிழரும் உண்டு, மலையடிக் கிராமத்துச் சிங்களவரும் உண்டு. கிராமத்தவர் இறங்கி வந்தபோது காலூன்ற வீட்டுத்தோட்டம் ஒன்று இருந்தது. தமிழர் இறங்கி வந்தது லயத்து அறைக்கு.

பெருந்தோட்டமே நாட்டின் வருவாய், வீட்டுத்தோட்டம் அதற்கு ஓரம் கட்டிய தையல் என்பார்கள் சிலர். இன்றைய நிலை அதற்கு மாறாக இருக்கிறது. இலங்கையின் தேயிலைக் கொழுந்தில் 70 வீதத்துக்கும் மேல் சிறுதோட்டக்காரரிடமிருந்து வருகிறது. மிளகும் கராம்பும் சாதிக்காயும் பெரும்பாலும் சிறுநிலத்தில் விளைபவையே. மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் கொடுக்கும் மிளகுக் கன்றும் கொக்கோக் கன்றும் போய்ச் சேருவது அந்த நிலங்களுக்குத்தான். கண்டிக் காலத்து வீட்டுத்தோட்டம் கோப்பியையும் சிங்கோனாவையும் கடந்து உயிரோடு நிற்கிறது. ஆகவே இரத்தோட்டையில் இன்று ஒரு குடும்பம் உயர்வதா தேங்குவதா என்பதை, அது என்ன வேலை அறிந்தது என்பதைவிட, மிளகுக்கொடி படர முள்முருக்கு நட ஓரிடம் அதற்கு இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்கள் எஞ்சியிருந்த நாடற்றவருக்குக் குடியுரிமையைத் திருப்பித் தந்தன. நிலம் அதோடு சேர்ந்து வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டுத் திட்டங்களோடு தோட்டக் குடும்பத்துக்கு என்று பேசப்பட்ட அளவு ஏழு பேர்ச். ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச்சில் வீடும் கிணற்றடியும் வழியும் போக மீதியாகும் மண்ணில், ஐந்து தலைமுறையாகக் கொக்கோவும் ஏலமும் கராம்பும் பறித்த ஒரு குடும்பம் தன் பெயரில் நட்டுக்கொள்ள, ஒரு கராம்பு மரத்துக்கும் நாலைந்து மிளகுக்கொடிக்கும் இடம் இருக்கும்.